பிரெய்ரி பாணி வீட்டுக்கு ஜன்னலும் கதவும் தேர்ந்தெடுப்பது எப்படி?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிகாகோவிலும் அதை அடுத்த ஓக் பார்க்கிலும் ஃபிராங்க் லாயிட் ரைட்டும் அவரோடு பணியாற்றிய கட்டடக் கலைஞர்களும் வளர்த்தெடுத்த பிரெய்ரி பாணி வீடு, அமெரிக்க நடுமேற்குச் சமவெளியைப் போலவே தரையோடு படிந்து நீண்டு கிடப்பது. தாழ்ந்த கூரையும் வெளியே நெடுந்தூரம் நீளும் இறவாணமும் இழுக்கும் அந்தக் கிடைக்கோட்டை ஜன்னல்கள் முறிக்கக் கூடாது. ஆகவே விலைப்பட்டியலைப் புரட்டும் முன் தெருவின் எதிர்ப்புறம் நின்று, ஜன்னல்களின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் வீடு நெடுக எந்த உயரத்தில் ஓடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இரு கோடுகளுக்கு இடையில், ஒடுக்கமான ஜன்னல்களை மெல்லிய மரக்கால்கள் மட்டுமே பிரிக்கும்படி அடுத்தடுத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றும் நெட்டையாக இருந்தாலும், சேர்ந்து நிற்கும்போது சுவரில் ஒரு நாடா ஓடுவதுபோல் தோன்றும். சிகாகோவில் 1910-இல் கட்டி முடிக்கப்பட்ட, ரைட் வடிவமைத்த ரோபி வீட்டின் தென்புறத்தில் கண்ணாடிக் கதவுகளே இப்படி வரிசையாக நிற்கின்றன. பழைய வரிசையைப் பெயர்த்துவிட்டு அதே அகலத்துக்கு ஒரே பெரிய கண்ணாடியைப் பதிப்பது, என் கருத்தில், இவ்வகை வீட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு.

திறக்கும் முறையில் ரைட்டின் விருப்பம் தெளிவானது. மேலும் கீழும் நகரும் ஜன்னல்களைத் தலைவெட்டும் கில்லட்டின் கருவியோடு ஒப்பிட்டு ஒதுக்கிய அவர், பக்கவாட்டுக் கீலில் வெளிப்புறம் திறப்பவற்றையே நாடினார். அவற்றில் கொசுவலை உட்புறம் வரும் என்பதை முன்பே கணக்கில் கொள்ளுங்கள்.

கண்ணாடிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ரைட் வடிவமைத்த டானா வீட்டில் சுமாக் செடியின் வடிவம் கோடுகளாகச் சுருங்கி ஜன்னல்களில் நிற்கிறது. பூவும் கொடியுமாக வளைந்து நெளியும் வேலைப்பாடு இங்கே பொருந்தாது. எளிய வடிவம் போதுமெனில், நான்கு விளிம்புகளையும் ஒட்டி ஒவ்வொரு கோடு ஓடி, மூலைகளில் சிறு சதுரங்களை உண்டாக்கி, நடுக் கண்ணாடியை வெறுமையாக விடும் அமைப்பைக் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடி வாங்கும்போது மாதிரியைக் கையில் வாங்கிச் சற்றே சாய்த்துப் பாருங்கள். இந்தக் கோடுகளாகத் தெரியும் மெல்லிய சட்டங்கள் இரு கண்ணாடிகளுக்கு நடுவில் மட்டும் இருந்தால் வெளிப்பரப்பு ஒரே தகடாகப் பளபளக்கும். உள்ளும் வெளியும் சட்டம் ஒட்டி, இடைவெளியிலும் அதற்கு நேராகப் பட்டி வைத்திருந்தால், ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்திலும் நிழல் விழுந்து தனித்தனிக் கண்ணாடிகளாகவே தெரியும். விலை கூடினாலும் இரண்டாவதையே வாங்குங்கள்.

கண்ணாடித் துண்டுகளை உலோகப் பட்டிகளால் இணைத்துச் செய்த பழைய ஜன்னல் கண்ணாடிகள் இன்னும் இருந்தால் அவற்றை மாற்றவே வேண்டாம். தளர்ந்த பட்டிகளைச் செப்பனிட்டு, குளிருக்கு உட்புறம் ஒரு கூடுதல் கண்ணாடிப் பலகையைப் பொருத்தினால் போதும்.

வாசற்கதவு தன்னைக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. ரோபி வீட்டில் அது தெருப் பார்வைக்கு எளிதில் படாமல் ஒதுங்கியே இருக்கிறது. செதுக்கு வேலையோ மேலே அரைவட்டக் கண்ணாடியோ இல்லாத, தட்டையான ஓக் மரக் கதவைத் தேர்ந்தெடுத்து, அதில் ஜன்னலின் கண்ணாடி வடிவத்தையே ஒடுக்கமாகத் திரும்ப வரச் செய்யுங்கள். கதவு நிலையின் மேல்விளிம்பு ஜன்னல்களின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் அமையட்டும். உள்ளே அறைகளைச் சுற்றி ஓடும் மரப்பட்டியும் அந்த மட்டத்திலேயே வர வேண்டுமென்பதால், நிலையைப் பொருத்தும் நாளில் தச்சரோடு நின்று ரசமட்டம் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.