வெளுத்துப்போன கொக்கு: நான் சரிசெய்த விதம்

தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால் படத்தில் வெறும் வெள்ளைத் திட்டுதான் வந்துகொண்டிருந்தது. இறகின் ஒரு இழைகூடத் தெரியாது. காரணம் கேமராவின் ஒளி அளவீடு. சட்டகத்தில் இருண்ட தண்ணீரே அதிகம் என்பதால், மொத்தத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது.

முதலில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிடும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) −1 வைத்தேன், அதாவது ஒரு படி குறைத்தேன். நிற்கும் கொக்குக்குச் சரி. அது பறந்து, பின்னணி வெளிச்சமான வானமானதும் கேமரா தானும் வெளிச்சத்தைக் குறைக்க, பறவை அழுக்குச் சாம்பல்!

அப்புறம் எல்லா அளவையும் நானே வைக்கும் மேனுவலுக்கே போய்விட்டேன்: ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 6.3, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓ கிடையாது. வெயில் மாறாதவரை பறவை மேல் விழும் ஒளியும் மாறாது, பின்னணி எதுவானால் என்ன? ஒரு படம் எடுத்து, திரையில் வெளுத்த இடம் மினுக்குகிறதா என்று பார்ப்பேன். முதுகு முழுக்க மினுக்கினால் ஐஎஸ்ஓவை ஒரு படி இறக்குவேன். கழுத்தோரம் ஒன்றிரண்டு புள்ளி என்றால் விட்டுவிடுவேன். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் பெரும்பாலும் மீட்டுவிடலாம், கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் கஷ்டம்.

மேகம் வந்தால் மறுபடி இதே வேலை. எரிச்சல்தான். சாம்பல் நாரைக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை, கேமராவின் கணக்கே பெரும்பாலும் போதும்.