பூ வேலை போட்ட சவரக் கத்தி: பளபளப்பு ஆசையில் செய்யும் தவறுகள்

பழைய மடக்குச் சவரக் கத்தி ஒன்று கிடைத்தால் நம் வீட்டுக் கை முதலில் தேடுவது புளியைத்தான். குத்துவிளக்குக்கு அது சரி. இந்தக் கத்திகள் கார்பன் எஃகு, அதற்குப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ஆகாது. கத்தியில் அந்தப் பூவும் எழுத்தும் வந்ததே அமிலத்தால்தான். ஜெர்மனியின் சோலிங்கனிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் அமிலம் படக்கூடாத இடத்தைப் பூச்சு போட்டு மறைத்துவிட்டு, மிச்சத்தை அரிக்க விட்டார்கள். இன்று பூச்சில்லாத கத்தியை வினிகரில் ஊறப்போட்டால், பூ எது, வெறும் இடம் எது என்று அமிலத்துக்குத் தெரியாது. மொத்தமும் சாம்பல் பூத்துவிடும்.

அந்த அரிப்புக்கு ஆழமே கிடையாது. நகத்தால் வருடினால் தட்டுப்படுவது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். சுற்றியுள்ள பரப்பு கண்ணாடிபோல் மின்ன, உள்ளே மங்கிக் கிடப்பதால்தான் வேலைப்பாடு கண்ணுக்கே தெரிகிறது. மின்னும் பரப்பைத் தேய்த்து இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இரண்டும் ஒரே மட்டமாகிவிடும்.

இதை நான் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சோலிங்கன் கத்தியில் பூக்கொடியை ஒட்டி மிளகளவு துரு. 600 நம்பர் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள் வகை, நம்பர் கூடக் கூட மென்மை) விரல் நுனியில் சுற்றித் தேய்த்தேன். துரு போனது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கொடியின் கடைசிச் சுருளும் கூடவே போயிருந்தது. விரல் மெத்தென்று இருப்பதால் தாள் கோட்டுக்குள் இறங்கி அதன் ஓரங்களை மழுக்கிவிடுகிறது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால், கத்தியின் குழிவுக்கு ஏற்றபடி வெட்டிய கார்க் துண்டில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். 1000க்குக் கீழே இறங்காதீர்கள், எண்ணெய் விட்டுத் தேய்யுங்கள். கத்தியைப் பலகையில் கிடத்தி, முதுகிலிருந்து கூர்ப்பக்கம் நோக்கி மட்டும் இழுங்கள். திரும்பி வந்தால் கிழிவது தாள் மட்டுமல்ல.

துருக்குழியின் ஆழம் பூவின் ஆழத்தைவிட அதிகமென்றால் அதை விட்டுவிடுவதே நல்லது. குழி மறையும்வரை தேய்த்தால் பூ அதற்கு முன்பே மறைந்துவிடும். செந்துருவை எண்ணெயில் ஊறவைத்து எடுத்தால் போதும். கறுத்த கறை அப்படியே இருக்கட்டும். கோடுகளுக்குள் படிந்த கறுப்பையும் பல் குச்சியால் சுரண்டி எடுக்காதீர்கள், எழுத்தைப் படிக்க முடிவதே பல சமயம் அதனால்தான்.

தங்கப் பூச்சு இருந்தால் பாலிஷ் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பூச்சு அவ்வளவு மெல்லியது, பித்தளை பாலிஷ் நாலு தேய்ப்பில் துணியோடு எடுத்துப் போய்விடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். பூவின் மேல் டேப் ஒட்டிவிட்டுச் சுற்றிலும் தேய்ப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். டேப்பை உரித்தால் அங்கே ஒரு வரப்பு தெரியும், அது பூ அழிந்ததைவிட அசிங்கம்.

மோட்டாரில் சுழன்று பளபளப்பாக்கும் பஃப் சக்கரம் வேண்டவே வேண்டாம். கத்தியை அது கையிலிருந்து பிடுங்கி எறியலாம். இன்னொன்று சூடு. மெல்லிய கூர்ப்பக்கம் சட்டென்று சூடேறி, சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாயும். எஃகின் பதம் அதோடு போயிற்று, சவரத்துக்கு உதவாது.

அப்புறம், கூர் முடிந்து கைப்பிடிக்குள் போகும் தண்டுப் பகுதியில் இருக்கும் முத்திரை. பூவைக் காப்பாற்றும் கவனத்தில் பலர் அதைத் தேய்த்துவிடுகிறார்கள். பிரிட்டன் 1887இலும் அமெரிக்கா 1890இலும் கொண்டுவந்த சட்டங்களுக்குப் பிறகுதான் இறக்குமதிக் கத்திகளில் நாட்டின் பெயர் பரவலாக வந்தது. கத்தியின் வயதைக் கணிக்க அந்தச் சின்ன எழுத்துகள் பெரிய உதவி.

கைப்பிடி செல்லுலாய்டாக, அதாவது பழைய வகை பிளாஸ்டிக்காக இருக்கலாம், அதில் அசிட்டோன் பட்டால் கரையும். வேலை முடிந்ததும் கைப்பிடி ஆணிப் பக்கம் தங்கிய ஈரத்தைத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துவிடும்.