ப்யூர் சயின்ஸா அப்ளைடா? சேர்றதுக்கு முன்னாடி இத பண்ணுங்க
மேல்படிப்புக்கு ப்யூர் சயின்ஸ் (பிசிக்ஸ், மேத்ஸ் மாதிரி அடிப்படை பாடம்), அப்ளைடு (அத தொழில்ல பயன்படுத்த சொல்லித்தர்ற கோர்ஸ்) ரெண்டுல எத எடுக்குறதுனு மண்டைய உடைச்சிக்கிறவங்க முதல்ல ஒரு பத்து பதினஞ்சு வேலை விளம்பரத்த எடுத்து என்னென்ன ஸ்கில் கேக்குறாங்கனு பேப்பர்ல எழுதுங்க, அப்புறம் ரெண்டு கோர்ஸ் சிலபஸையும் பக்கத்துல வெச்சு டிக் போட்டு பாருங்க. கெமிஸ்ட்ரி லேப் வேலைனா எச்பிஎல்சி, ஜிசி (ஒரு கலவைல என்னென்ன கெமிக்கல் எவ்ளோ இருக்குனு பிரிச்சு பாக்குற மெஷின்கள்) எல்லாம் நீங்களே ஓட்டிருக்கீங்களானு கேப்பாங்க, சும்மா பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தது கணக்குல வராது. ப்யூர் பிசிக்ஸ், மேத்ஸ்னா பிஎச்டி 4-5 வருஷம், அதுக்கு மேல போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) அப்படினு இழுக்கும், பொறுமை இருந்தா தாராளமா போங்க, இல்லனாலும் பைத்தான் ப்ரோக்ராமிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேத்து படிச்சா டேட்டா வேலை பக்கம் தாவ ஒரு வழி இருக்கு. அப்ளைடுல பேரே ரொம்ப குறுகலா இருக்குற கோர்ஸ்னா கொஞ்சம் யோசிங்க, அந்த ஃபீல்டு படுத்தா நாமளும் மாட்டிப்போம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட கம்பெனில பண்ண விடுவாங்களானு சீனியர்ஸ்கிட்ட கேட்டுட்டு ஃபீஸ் கட்டுங்க.