சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கியபின் வாகனம் பிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மூன்று அல்லது நான்கு இரவுகள் உல்லாசக் கப்பலில் சென்று திரும்பும் குடும்பங்கள், கப்பலில் ஏறும் நாளுக்காக மாதக்கணக்கில் ஆயத்தம் செய்கின்றன. விசா, அறையின் வகை, சைவ உணவு, விருந்துக்கான உடை என்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் பயணம் முடிந்து இறங்கும் காலையில் முனையத்திலிருந்து விடுதிக்கோ விமான நிலையத்துக்கோ எப்படிப் போவது என்பதை மட்டும் பெரும்பாலோர் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூர் சிறிய நாடு, டாக்சிக்குப் பஞ்சமில்லாத ஊர் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை ஊருக்குள் சரியானது; கப்பல் முனையத்தின் வாசலில், காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், அது பொய்த்துப்போகிறது.

முதலில் எந்த முனையத்தில் இறங்குகிறோம் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல்கள் வந்து சேரும் முனையங்கள் இரண்டு. ஒன்று, ஹார்பர்ஃபிரண்ட் பகுதியில் விவோசிட்டி கடைத்தொகுதியை ஒட்டி இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். மற்றொன்று, 2012ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் சென்டர். இரண்டாவது முனையம் தேவைப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணம், செந்தோசாத் தீவுக்குச் செல்லும் கேபிள் கார் தடம். அந்தத் தடத்துக்கு அடியில் சென்றுவர வேண்டியிருப்பதால், ஹார்பர்ஃபிரண்ட் முனையத்துக்கு வரும் கப்பல்கள் நீர்மட்டத்துக்கு மேல் 52 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்க முடியாது. இன்றைய மிகப் பெரிய கப்பல்கள் அந்த உயரத்தைத் தாண்டியவை என்பதால் அவை மரினா பேயில்தான் நிற்கும். ஒரு முனையத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அழைத்துச் செல்ல வரும் உறவினரையோ ஓட்டுநரையோ மற்றொன்றுக்கு அனுப்பிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. பயணச் சீட்டில் முனையத்தின் முழுப் பெயரும் இருக்கும். அதை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிடுவது நல்லது.

மரினா பே என்று மட்டும் சொல்வது இதைவிடச் சிக்கலானது. மரினா பே சேண்ட்ஸ் என்பது விடுதி; மரினா பே என்பது எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையம்; மரினா சவுத் பியர் என்பது செயின்ட் ஜான்ஸ், குசு போன்ற தெற்குத் தீவுகளுக்குப் படகு புறப்படும் துறை. கப்பல் முனையம் இந்த மூன்றும் அல்ல. படகுத் துறையின் முகவரி 31, மரினா கோஸ்டல் டிரைவ். கப்பல் முனையத்தின் முகவரி 61, மரினா கோஸ்டல் டிரைவ். ஒரே சாலையில் அருகருகே இருந்தாலும் இவை வெவ்வேறு கட்டடங்கள். வாகனம் அழைக்கும் செயலியில் மரினா சவுத் பியர் என்று குறித்துவிட்டு முனையத்தின் வாசலில் பெட்டிகளோடு காத்திருப்பவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். வண்டி பக்கத்துக் கட்டடத்தில் வந்து நின்று, ஆளைக் காணாமல் திரும்பிப் போயிருக்கும்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவதைச் சொல்கிறேன். கப்பல் கரை சேரும் நேரத்தையே நாம் சாலைக்கு வந்து நிற்கும் நேரமாகக் கொள்வதுதான் அது. அட்டவணையில் காலை 7 மணி என்று இருந்தால், அது கப்பல் துறையை அடையும் நேரம் மட்டுமே. அதன் பிறகு அதிகாரிகள் கப்பலுக்கு அனுமதி தர வேண்டும். பெட்டிகள் இறக்கப்பட வேண்டும். பயணிகள் பிரிவு பிரிவாக அழைக்கப்படுவார்கள். பிறகு குடிநுழைவுச் சோதனை, பெட்டிகளைத் தேடி எடுத்தல், சுங்கம் என்று ஒவ்வொன்றாகக் கடந்தாக வேண்டும். ஏழு மணிக்குக் கரை சேர்ந்த கப்பலிலிருந்து ஒன்பதரை மணிக்கு வெளியே வருவது தாமதமே அல்ல, இயல்பான நடைமுறை. ஆகவே பதினொரு மணி விமானத்துக்குப் பதிவு செய்வது வீண் துணிச்சல். நண்பகலுக்குப் பின் புறப்படும் விமானமே பாதுகாப்பானது. முதியவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்தியதைத் தேர்ந்தெடுக்கவே நான் சொல்வேன்.

குடிநுழைவில் சிக்கிக்கொள்வதும் வாகனத்தைத் தவறவிடக் காரணமாகிறது. மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ சென்று திரும்பும் கப்பலிலிருந்து இறங்குவது, சிங்கப்பூருக்குள் புதிதாக நுழைவதாகவே கணக்கிடப்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் விசா மறு நுழைவுக்கும் செல்லுபடியாக வேண்டும். சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானத்தில் வந்தபோது இணையத்தில் நிரப்பிய எஸ்ஜி வருகை அட்டை என்ற நுழைவுப் படிவம் இந்த இரண்டாவது நுழைவுக்கு உதவாது. புதிதாக ஒன்றை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாள்களுக்குள்தான் அதைச் சமர்ப்பிக்க முடியும் என்பதால், மூன்று இரவுப் பயணத்துக்குக் கப்பலேறும் நாளிலேயே முடித்துவிடவும் வழியில்லை. இடையில் வரும் துறைமுகத்தில் இணைய வசதி கிடைக்கும்போது குடும்பத்தினர் அனைவருக்கும் நிரப்பிவிட வேண்டும். இறங்கும் காலையில் குடிநுழைவுக் கூடத்தில் நின்றுகொண்டு ஐந்து பேருக்கு அட்டை நிரப்ப முயல்பவரின் டாக்சி அவருக்காகக் காத்திருக்காது.

முனைய வாசலில் டாக்சி வரிசை ஏன் அவ்வளவு நீளமாக இருக்கிறது என்பதற்குச் சிறு கணக்கு ஒன்றே போதும். ஆன்தம் ஆஃப் தி சீஸ் போன்ற கப்பலில் 4,000 பேருக்கு மேல் பயணம் செய்வார்கள். அவர்கள் மூன்று மணி நேரத்துக்குள் இறங்கி முடித்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 22 பேர் வாசலுக்கு வருகிறார்கள். பாதிப் பேர் பேருந்திலும் ரயிலிலும் சென்றுவிட்டாலும், வண்டிக்கு மூவர் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு நான்கு வண்டிகள் வேண்டும். பெட்டிகளை ஏற்றவே ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். மேலும், மரினா சவுத் பகுதியில் முனையத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் இல்லை. லிட்டில் இந்தியாவிலோ ஆர்ச்சர்ட் சாலையிலோ காலியாகச் சுற்றும் டாக்சிகள் வழியில் தற்செயலாக இங்கே வந்து சேர்வதில்லை. பயணியை ஏற்றுவதற்கென்றே ஓட்டுநர் புறப்பட்டு வந்தாக வேண்டும். வெளியே வந்து கையை நீட்டினால் வண்டி நிற்கும் என்ற எதிர்பார்ப்பு இந்த இடத்தில் செல்லாது.

இறங்கும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறு இதோடு சேர்ந்தது. முந்தைய இரவில் பெட்டிகளில் வண்ண அட்டையையோ எண் அட்டையையோ கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட்டால், கப்பல் ஊழியர்களே அவற்றை முனையத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தம் பெட்டிகளைத் தாமே இழுத்துச் செல்ல முன்வருபவர்கள் பொதுவாக முதல் பிரிவிலேயே இறங்கலாம். இருவர் மட்டும் சென்று, ஆளுக்கொரு பெட்டி இருந்தால், தாமே எடுத்துச் செல்வதே மேல். அந்த ஒரு தெரிவினால் டாக்சி வரிசை நீளும் முன்பே முனையத்தை விட்டு வெளியேறிவிடலாம். பெரிய குடும்பம் அவசரப்பட்டு இதைத் தேர்ந்தெடுத்து, மின்தூக்கிக் கூட்டத்தில் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் திணற வேண்டியதில்லை. எந்த முறையானாலும் கடவுச்சீட்டையும் மருந்துகளையும் காலையில் உடுத்த வேண்டிய உடையையும் அறைக்கு வெளியே வைக்கும் பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

முன்பதிவு செய்த காரிலும் தவறு நேரலாம். என் பெற்றோரோடு சென்ற ஒரு பயணத்தில், எட்டு மணிக்கு வந்து நிற்கும்படி ஒரு காருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தேன். நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்பது இருபது. ஒப்புக்கொண்ட காத்திருப்பு நேரம் முடிந்து ஓட்டுநர் சென்றுவிட்டிருந்தார். செலுத்திய பணம் திரும்பவில்லை. நடக்கச் சிரமப்படும் தாயாரை நாற்காலியில் அமர்த்திவிட்டு டாக்சி வரிசையில் நின்றேன். ஓட்டுநர் மீது குற்றம் சொல்ல ஏதுமில்லை. நான் கொடுத்திருக்க வேண்டியது கப்பலின் பெயரும், என்னை அழைக்கவிருந்த பிரிவின் நேரமும். இலவசக் காத்திருப்பு எவ்வளவு, அதற்குப் பின் மணிக்கு எவ்வளவு என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டிருக்க வேண்டும். இப்போது, அறிவிக்கப்பட்ட இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் கழித்தே காரை வரச் சொல்கிறேன். குடிநுழைவைக் கடந்ததும் ஓட்டுநருக்குத் தகவல் அனுப்புகிறேன்.

செயலிகளை நம்பி வருபவர்களில் பலர் ஊபரைத் திறந்து பார்த்துவிட்டு வண்டியே இல்லை என்று திகைக்கிறார்கள். ஊபர் 2018ஆம் ஆண்டிலேயே தன் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் நிறுவனத்திடம் விற்றுவிட்டது. சிங்கப்பூரில் கிராப், கோஜெக் போன்றவையே புழக்கத்தில் உள்ளன. இவற்றை முனைய வாசலில் நின்றுகொண்டு பதிவிறக்கினால், சரிபார்ப்பு எண் இந்தியக் கைபேசி எண்ணுக்கு வரும். சிங்கப்பூர் சிம் போட்டுவிட்டு இந்திய சிம்மைக் கழற்றி வைத்திருந்தால் அந்த எண் வந்து சேராது. ஊரிலிருந்து புறப்படும் முன்பே கணக்கைத் தொடங்கி, கட்டண அட்டையையும் சேர்த்துவிட வேண்டும். நடுக்கடலில் கைபேசி கப்பலின் கடல்வழி அலைவரிசையைத் தானாகவே பிடித்துக்கொண்டு பெருந்தொகைக்கு ரோமிங் கட்டணம் ஏற்றிவிடக் கூடும் என்பதால் பயணம் முழுவதும் விமானப் பயன்முறையில் வைத்திருப்பது முறை. ஆனால் இறங்கியதும் அதை நீக்க மறந்துவிட்டு இணையம் இல்லை என்று தவிப்பவர்களும் உண்டு.

வண்டியின் அளவைப் பற்றி யோசிக்காமல் இருப்பது குடும்பங்கள் செய்யும் தவறு. சாதாரண டாக்சியில் நான்கு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். நம் ஊரில் போல ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று கெஞ்சுவதில் பயனில்லை. நான்கு பேருக்கு நான்கு பெரிய பெட்டிகள் இருந்தால் அவையும் பின்புறத்தில் அடங்காமல் போகலாம். ஆறு பேர் அமரக்கூடிய பெரிய வண்டியைக் கேட்க வேண்டும். இன்னொரு சட்டம் பலருக்குத் தெரிவதில்லை. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் காரில் அதற்குரிய குழந்தை இருக்கையில் அமர வேண்டும். டாக்சிகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. செயலி வழியாக வரும் தனியார் வாடகைக் கார்களுக்கு விலக்கு இல்லை. குழந்தை இருக்கையைக் குறிப்பிடாமல் அழைத்தால், அரைமணி நேரம் காத்துக் கிடைத்த வண்டியின் ஓட்டுநர் குழந்தையைக் கண்டதும் மறுத்துவிடுவார். அவர் அப்படிச் செய்வது சட்டப்படி சரி.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூர் டாக்சிகள் மீட்டர்படி ஓடுபவை. வார நாள்களின் காலை நெரிசல் நேரத்தில் மீட்டர் தொகையின் மேல் 25 விழுக்காடு கூடும். சாலைக் கட்டணம் தனியாகச் சேரும். சில இடங்களில் ஏறுவதற்கும் கூடுதல் தொகை உண்டு. மீட்டரில் காட்டியதைவிட அதிகமாகக் கேட்கிறார் என்று ஓட்டுநரிடம் சண்டையிடுவதற்கு முன் ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். மாறாக, முனையத்துக்குள்ளேயே அணுகி, மீட்டர் இல்லாமல் இத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பேசும் முன்பின் தெரியாதவரின் வண்டியில் ஏறுவதை அறவே தவிர்க்க வேண்டும்.

பெட்டிகள் இருப்பதால் ரயிலை நினைத்தும் பாராமல் ஒதுக்குவது, என் கருத்தில், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் செய்யும் பிழை. மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையம் 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் இயங்குகிறது. முனையத்திலிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டு சென்றாலும் பத்து நிமிட நடை. அது வடக்கு தெற்குத் தடத்தின் கடைசி நிலையம் என்பதால் ரயில் அங்கிருந்தே புறப்படுகிறது. உட்கார இடமும் பெட்டி வைக்க இடமும் கிடைக்கும். லிட்டில் இந்தியாவில் தங்குபவர்கள் நான்காவது நிறுத்தமான தோபி காட்டில் இறங்கி, வடகிழக்குத் தடத்துக்கு மாறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம். முஸ்தஃபா கடைக்கு அருகில் தங்குபவர்களுக்கு அதற்கும் அடுத்தது, ஃபேரர் பார்க். ஹார்பர்ஃபிரண்ட் முனையத்தில் இறங்குபவர்களுக்கு மாறவே தேவையில்லை. வடகிழக்குத் தடம் அங்கிருந்தே தொடங்கி நேராக லிட்டில் இந்தியாவுக்குச் செல்கிறது. நிலையங்களில் மின்தூக்கிகள் உள்ளன. தொடாமல் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டைகளைக் கொண்டே நுழையலாம்; ஆனால் ஓர் அட்டையை ஒருவர் மட்டுமே பயன்படுத்த முடியும், கணவனும் மனைவியும் ஒன்றையே தட்டிச் செல்ல முடியாது. ரயிலில் முழுத் தூரமும் செல்ல விருப்பமில்லாவிட்டால், ஒரு நிறுத்தம் மட்டும் சென்று மரினா பேயில் வெளியே வந்து டாக்சி பிடிக்கலாம். முனையத்தின் வரிசையில் நிற்பதைவிட அது விரைவாக முடிந்ததையே கண்டிருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு ரயிலில் செல்பவர்கள் சிட்டி ஹாலில் கிழக்கு மேற்குத் தடத்துக்கு மாறி, தானா மேராவில் சாங்கி ரயிலுக்கு மாற வேண்டும். இரண்டு மாற்றங்களோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். முதியவர்களோடும் நான்கைந்து பெட்டிகளோடும் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மரினா கரையோர விரைவுச்சாலை வழியாகச் செல்லும் காரே அவர்களுக்கு ஏற்றது. சாங்கி விமான நிலையத்தின் எம்ஆர்டி நிலையம் அதன் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில் இருக்கிறது. நான்காம் முனையத்துக்கு ரயில் இல்லை. மூன்றாம் முனையத்திலிருந்து இலவசப் பேருந்தில் செல்ல வேண்டும் என்பதால் அதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு விமானத்தில் ஊர் திரும்புபவர்கள் பகல் முழுவதும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அலைவதையும் பார்க்கிறேன். சாங்கியில் பெட்டிகளைக் கட்டணம் செலுத்தி வைத்துச் செல்லும் வசதி இருக்கிறது. கப்பலிலிருந்து நேராக அங்கே சென்று பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு ரயிலில் நகருக்குத் திரும்பலாம். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் முந்தைய நாளே கப்பலின் விருந்தினர் சேவை மேசையில் பதிவு செய்ய வேண்டும். கப்பல் ஊழியர்கள் நாற்காலியைத் தள்ளி வருவது முனையத்துக்குள் மட்டுமே. வண்டி நிற்கும் இடத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் குடும்பத்தில் ஒருவர் முன்னால் சென்று வரிசையில் நின்று, வண்டி வந்த பிறகே முதியவரை வெளியே அழைத்து வரும்படி சொல்ல வேண்டும்.