ஏற்காட்டுக் குளிரில் விழும் முகச்சுருக்கம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குச் சேலம் ஐந்து ரோட்டில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். குடை பிடிப்பார்கள், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள், பஸ் நிறுத்தத்துத் தூண் நிழலில் கூட ஒண்டி நிற்பார்கள். அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு வந்தால் ஏரிக்கரையில் வெறுந்தலையோடு மூன்று மணி நேரம் சுற்றுவார்கள். கேட்டால், "வெயிலே தெரியலீங்க" என்பார்கள்.

நானும் அந்தக் கூட்டம்தான். ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டியில் ஏறி இறங்கி பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். கீழே இருக்கும்வரை ஹெல்மெட் கண்ணாடி மூடியிருக்கும். ஏழெட்டு வளைவு தாண்டி குளிர்காற்று வந்ததும் கண்ணாடியைத் தூக்கிவிடுவேன். நாற்பத்தாறு வயதில் கண்ணோரத்தில் கோழிக்கால் விரித்தாற்போல் கோடுகள் விழுந்த பிறகுதான் இதையெல்லாம் படிக்கவும் தோல் டாக்டரிடம் கேட்கவும் ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைச் செய்முறையாகவே எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் கையையே பாருங்கள்

க்ரீம் வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை. காலை வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கத் தோலைப் பாருங்கள். பிறகு கையைத் தூக்கி, அக்குளுக்குப் பக்கத்தில் மேற்கையின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஜாக்கெட் மறைக்கும் இடத்தில் தோல் வழவழப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். வெளிப்பக்கம் கருத்து, புள்ளி விழுந்து, கிள்ளினால் மெதுவாகத் திரும்பும். இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு. உள்பக்கம் காட்டுவது வயது செய்த வேலை. அதற்கு மேல் வெளிப்பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் வெயில் செய்த வேலை.

உள்ளே நடப்பது இதுதான். தோலின் மேலடுக்குக்குக் கீழே கொலாஜன் என்ற புரதம் கட்டில் கயிறு மாதிரி பின்னிக் கிடக்கிறது. இழுத்தால் திரும்பி வரும் தன்மையைத் தருவது எலாஸ்டின். வளர்ந்த பிறகு கொலாஜன் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் தானாகவே குறையும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தக் கயிற்றை அறுக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அறுந்ததைத் தோல் திரும்பப் பின்னும்போது பழைய ஒழுங்கு வருவதில்லை. கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் மேலே விரித்த போர்வை மடிப்பு விழுமே, அதுதான் சுருக்கம்.

புற ஊதாவில் இரண்டு வகை நமக்கு முக்கியம். பி வகை தோலை எரிக்கும், சிவக்க வைக்கும். உடனே தெரிந்துவிடுவதால் நாம் ஒதுங்கிக்கொள்வோம். ஏ வகை அப்படியில்லை. எரிச்சல் காட்டாது, ஆழமாக இறங்கும், காலையிலும் மாலையிலும் இருக்கும், மெல்லிய மேகத்தைத் தாண்டும், சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் தாண்டும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் வலதைவிடப் பல வருடம் மூத்தது போல் மடிந்து தொங்கியது. நம் ஊர் டிரைவருக்கு அது வலது கன்னமாக இருக்கும்.

இப்போது மலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறும்போது சூடு குறைகிறது, ஆனால் புற ஊதாக் கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, வடிகட்டும் காற்று மெலிந்துவிடுவதால். உடம்பு சூட்டைத்தான் உணரும், கதிரை உணராது. வானம் தெளிந்த நாளில் சேலத்தில் குடை பிடித்தவர் ஏற்காட்டில் அதை மடித்து வைப்பது தலைகீழ் கணக்கு.

நம் மாநிறத் தோலுக்கு, நிறத்தைத் தரும் மெலனின் என்ற பொருள் ஓரளவு கவசம். வெள்ளைத்தோல்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் பல ஆண்டு தாமதமாகவே வரும். அதற்குப் பதிலாக மங்கு என்ற கருந்திட்டும் கரும்புள்ளியும் முதலில் வந்து நிற்கும். ஆகவே "எனக்குத்தான் சுருக்கமே இல்லையே" என்று முப்பது வயதில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீடி சிகரெட் தோலின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து உதட்டைச் சுற்றிக் கோடு போடும். கண்ணைச் சுருக்குவது, புருவத்தை நெரிப்பது போன்ற பழக்கம் ஒரே இடத்தில் மடிப்பை ஆழப்படுத்தும். ரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் கூடுதலாகவே இருந்தால் கொலாஜன் விறைத்துப்போகும். தண்ணீர் நிறையக் குடித்தால் சுருக்கம் போகும் என்பார்கள். குடியுங்கள், சேலத்து வெயிலுக்கு அது தேவைதான், ஆனால் சுருக்கம் அதனால் போகாது.

இரண்டாம் படி: நிழலை வைத்து வெயிலை அளங்கள்

கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் பலமாக இருக்கிறது என்று பொருள். நம் ஊரில் பெரும்பாலான மாதங்களில் இது ஏறக்குறைய காலை ஒன்பது, ஒன்பதரையிலிருந்து மாலை மூன்று, மூன்றரை வரை. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது, நான்காவது வாரத்திலும் சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் வரும். நண்பகலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். மே மாதக் கோடை விழாவுக்கு மலை ஏறுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் முதல் பாதுகாப்பு துணிதான், க்ரீம் அல்ல. எங்கள் எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்க வரும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். மேலே சில்வர் ஓக் நிழல் வேறு. ஒருநாள் அவர்களில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "ஏங் கண்ணு, நீ ஆபீசுல ஒக்காந்திருக்கற ஆளு, கை ஏன் இப்படி ஆயிருச்சு?" என்று கேட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சட்டையை மடித்துக் காட்டினார், அவர் முன்கை என் கையைவிட நன்றாக இருந்தது. அன்றைக்கே ஸ்கூட்டிக்கு ஒரு முழுக்கைச் சட்டை எடுத்து வைத்தேன்.

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. வெள்ளையாக விரித்துக் காயப்போட்ட ஜவ்வரிசியும் சிமெண்டுத் தரையும் வெளிச்சத்தைக் கீழிருந்து முகத்தில் அடிக்கும். தொப்பி மேலே மட்டும்தான் மறைக்கும். துண்டால் கன்னத்தையும் கழுத்தையும் சுற்றிக் கட்டினால்தான் சரி.

மூன்றாம் படி: சன்ஸ்கிரீன் வாங்குவதும் பூசுவதும்

ட்யூபின் மேல் இரண்டு விஷயம் தேடுங்கள். எஸ்பிஎஃப் (SPF) 30 அல்லது அதற்கு மேல். இது பி வகைக் கதிருக்கான கணக்கு. 30 என்றால் அதில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. வித்தியாசம் அவ்வளவுதான், 100 என்று போட்டதற்கு மூன்று மடங்கு காசு கொடுக்காதீர்கள். அடுத்தது பிஏ (PA) என்ற எழுத்தும் அதன் பின்னால் கூட்டல் குறிகளும். இது ஏ வகைக்கு. மூன்று குறியாவது இருக்கட்டும். சுருக்கத்துக்குப் பயந்து வாங்குபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

துத்தநாக ஆக்ஸைடு உள்ளவை மாநிறத்தில் திருநீறு பூசியது போல் வெளுத்துத் தெரியும். சாயம் கலந்ததாக வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சாயத்தில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை.

அளவு: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை ஒரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் முகம், கழுத்துக்கு. காதையும் பின்கழுத்தையும் மறக்காதீர்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசுங்கள், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும். தினம் ஒருவேளை மட்டும் பூசினாலே 50 கிராம் ட்யூப் இரண்டு மாதத்துக்குள் தீர வேண்டும். ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசவில்லை, தடவிப் பார்க்கிறீர்கள்.

இதற்குப் பலன் உண்டா என்றால் உண்டு. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்குட்பட்ட சுமார் 900 பேரை நாலரை ஆண்டு கவனித்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது பூசியவர்களைவிடத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. சுருக்கத்துக்கு என்று விற்கும் எத்தனையோ டப்பாக்களுக்கு இப்படி ஒரு சாட்சி கிடையாது.

நான்காம் படி: ராத்திரி வேலை

முகத்தை மென்மையான சோப்பு அல்லது ஃபேஸ்வாஷால் ஒருமுறை கழுவுங்கள். ஈரம் முழுதும் காயும் முன் மாய்ஸ்சரைசர். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது ஒரு சுகம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது தோலின் எண்ணெய்ப்பசையைக் கழுவிக்கொண்டு போய்விடும். வறண்ட தோலில் மெல்லிய கோடுகள் தெளிவாகத் தெரியும். தேங்காய் எண்ணெய் தடவினால் அந்தக் கோடுகள் மங்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஆழமான சுருக்கத்தை அது தொடாது. பரு வரும் முகத்துக்கு எண்ணெய் வேண்டாம்.

எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்க்காதீர்கள். அதன் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருந்தழும்பு விழக்கூடும். கஸ்தூரி மஞ்சள் ஒத்துக்கொள்பவர்கள் பூசலாம், சுருக்கத்துக்கு மருந்து என்று எண்ணிப் பூச வேண்டாம்.

ஐந்தாம் படி: ரெட்டினாய்டு, மெதுவாக

விழுந்த சுருக்கத்தைக் கொஞ்சமாவது குறைக்கும் என்று நன்றாக நிரூபிக்கப்பட்ட பூச்சு இதுதான். வைட்டமின் ஏ-யின் உறவு. இந்த வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின் என்ற மருந்தை முதலில் பருவுக்குத்தான் கொடுத்தார்கள். பூசிக்கொண்ட நடுத்தர வயதுப் பெண்கள் சுருக்கமும் குறைகிறது என்று சொன்னதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கவனித்து, 1980-களில் சோதித்து எழுதினார். டிரெட்டினாயின் டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. ரெட்டினால் அதைவிடச் சாதுவானது, கடையில் கிடைக்கும்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். சீக்கிரம் பலன் வரட்டும் என்று முதல் வாரமே தினமும், தாராளமாகப் பூசினேன். எட்டாம் நாள் முகம் முழுக்க உரிந்து, உப்புக்கண்டம் மாதிரி ஆகிவிட்டது. பத்தாம் நாள் அண்ணன் மகள் வளைகாப்பு. வளையல் போட்டுவிடப் போன இடத்தில் எல்லோரும் என் மூக்கையே பார்த்தார்கள்.

சரி, ஒழுங்கான முறை இது. ராத்திரி முகம் கழுவி இருபது நிமிடம் நன்றாகக் காய விடுங்கள். ஒரு பட்டாணி அளவு, முழு முகத்துக்கும் அதுவே போதும். நெற்றி, இரு கன்னம், தாடை என்று பொட்டு வைத்துப் பரப்புங்கள். கண் இமை, மூக்கோரம், வாயோரம் வேண்டாம். மேலே மாய்ஸ்சரைசர். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு, தாங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். டிரெட்டினாயின் என்றால் பொதுவாக 0.025 சதவீதத்தில் தொடங்குவார்கள். உரிந்தால் சில நாள் நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். மாற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் பூசாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

ஆறாம் படி: டாக்டரிடம் எப்போது

முகத்தைச் சுளிக்காதபோதும் நெற்றியில் நிற்கும் ஆழமான கோடு பூச்சுக்கு அடங்காது. போடாக்ஸ் ஊசி தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். ஃபில்லர் பள்ளத்தை நிரப்பும். லேசர், கெமிக்கல் பீல் இரண்டும் மேலடுக்கை உரித்துப் புதுத்தோலை வர வைப்பவை. நம் நிறத்தில் இவை தவறினால் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும். எனவே மாநிறத் தோலில் அனுபவமுள்ள, தோல் மருத்துவம் படித்த டாக்டரிடம் மட்டும் போங்கள், அழகு நிலையத்தில் வேண்டாம்.

இன்னொன்று. என் சித்தி மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ரீம் ஒன்றை இரண்டு வருடம் பூசினார். முதல் மாதம் முகம் பளபளத்தது. பிறகு தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்தன, நிறுத்தினால் எரிந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அட்டையில் மொமெடாசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளுசினோலோன், க்ளோபெட்டசோல் என்ற பெயர்களில் ஏதாவது இருந்து, டாக்டர் எழுதித் தராமல் நீங்களாக வாங்கியது என்றால் உடனே தோல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். நெடுநாள் பூசியதைத் திடீரென்று நிறுத்துவதும் தொல்லை, அவர் மெதுவாக இறக்கித் தருவார்.

ஏழாம் படி: போட்டோ

தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், மேக்கப் இல்லாமல் நேராகவும் இரு பக்கமும் மூன்று படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே மாதிரி. தினமும் கண்ணாடியில் தேடினால் ஒன்றும் தெரியாது, மனசுதான் கெடும்.

என் ஒன்பது மாதப் படங்களில் கண்ணோரக் கோடுகள் பாதியளவு மங்கியிருக்கின்றன. நெற்றியில் இருப்பது அப்படியே இருக்கிறது. அதற்கு ஊசி போடலாமா என்று யோசித்தேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகும் செலவைக் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். ஹெல்மெட் கண்ணாடி இப்போது இருபதாவது வளைவு தாண்டியும் மூடியே இருக்கிறது. குளிர்காற்றை எஸ்டேட் கேட்டில் இறங்கித்தான் வாங்கிக்கொள்கிறேன்.