இலை வாடும் முன்பே முடிச்சு வாடிவிடும்: வறட்சியில் பயறு சாகுபடி செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானாவாரி உளுந்துக் காட்டில் மழை பிந்திப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டால் எல்லோரும் முதலில் பார்ப்பது இலையைத்தான். மத்தியானம் துவண்ட செடி சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால், “இன்னும் ஒரு வாரம் தாங்கும்” என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பிசகு அங்கேதான் தொடங்குகிறது. இலை துவளுவதற்கு முன்பே வேர் முடிச்சுகள் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் சத்து, தயாரிப்பதைக் குறைத்துவிடுகின்றன. செடி பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் அடியில் அடுப்பு அணைந்திருக்கும்.

முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் வகை பாக்டீரியாவுக்குச் செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையை அனுப்புகிறது. பதிலுக்கு அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. மண்ணில் ஈரம் குறைந்ததும் முடிச்சுக்குள் சர்க்கரையை உடைக்கும் நொதி மந்தமாகிறது. முடிச்சின் வெளிப்புற அடுக்கு இறுகி, உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. தயாரான தழைச்சத்தை மேலே ஏற்றிச் செல்லத் தண்ணீர் போதாமல் அது தேங்கி நிற்க, அந்தத் தேக்கமே உற்பத்தியை நிறுத்தும் கட்டளையாகிவிடுகிறது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, சோயா ஆகியவை தழைச்சத்தை யூரைடு என்ற வடிவில் அனுப்புபவை. வறட்சியில் இவை சீக்கிரம் அடிபடும். நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் வேறு வடிவில் அனுப்புவதால் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். எல்லாப் பயறும் ஒன்றுதான் என்று நினைப்பதே ஒரு தவறு.

சரி, முடிச்சு வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பலர் செடியைத் தண்டோடு பிடித்து இழுத்துவிட்டு, “முடிச்சே இல்லை” என்கிறார்கள். காய்ந்த கரிசலில் இழுத்தால் முடிச்சு எல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வருவது வெறும் ஆணிவேர்தான். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் கட்டியாக வெட்டி எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டால் மண் தானே கரைந்து விழும். அப்புறம் பெரிய முடிச்சாக நாலைந்தை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, கிட்டத்தட்ட ஈறின் நிறத்தில் இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு பொருள், லெக்ஹீமோகுளோபின், தரும் நிறம் அது. பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அந்த முடிச்சின் ஆயுள் முடிந்தது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது பயனில்லாத பாக்டீரியா உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். வேரே வீங்கிக் கரணை கரணையாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அதைப் பார்த்து, “நிறைய முடிச்சு பிடித்திருக்கிறது” என்று சந்தோஷப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வறட்சியில் செய்யும் தவறுகளிலேயே அதிகம் கெடுப்பது, மஞ்சளைக் கண்டதும் யூரியாவைக் கையில் எடுப்பது. முதலில் அது என்ன மஞ்சள் என்று பார்க்க வேண்டும். அடி இலைகள் முதலில் முழுசாக வெளிறினால் தழைச்சத்துக் குறை. நுனி இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மீதி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், முக்கியமாக நிலக்கடலையில், இதை அதிகம் பார்க்கலாம். திட்டுத் திட்டாகப் பளிச்சென்ற மஞ்சள் என்றால் அது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. அந்தச் செடியைப் பிடுங்கி அழிப்பதும் ஈயைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி.

தழைச்சத்துக் குறை என்றே வைத்துக்கொள்வோம். காய்ந்த கரிசலின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பங்கு அம்மோனியாவாகி ஆவியாகப் போய்விடும், ஏனென்றால் அந்த மண் காரத்தன்மை உள்ளது. மீதி, மழை பெய்ததும் நைட்ரேட்டாக மாறி வேரைச் சேரும். செடிக்குச் சும்மா கிடைக்கும் தழைச்சத்து அருகில் இருந்தால் அது முடிச்சுக்குச் சர்க்கரை கொடுக்காது. மழைக்குப் பிறகு உயிர்பெற வேண்டிய முடிச்சை நாமே முடக்கியது போல் ஆகிவிடும். மானாவாரி உளுந்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்து, 25 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 12.5 கிலோ சாம்பல்சத்து (பொட்டாஷ்), எல்லாமே அடியுரமாக. முடிச்சு உருவாகும் வரை செடியை வளர்த்துவிடத்தான் அந்தக் கொஞ்சம் தழைச்சத்து.

மணிச்சத்தைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிப்பதும் தவறுகளின் கணக்கில்தான் வரும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்கக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகிறது, அதாவது முடிச்சு ஆற்றலை அள்ளிக் குடிக்கும் இடம். அந்த ஆற்றலுக்கு மணிச்சத்து வேண்டும். ஈரம் குறைந்த மண்ணில் மணிச்சத்து நகர்ந்து வேருக்கு வராது. ஆகவே விதைக்கும்போதே வேர் போகும் ஆழத்தில் கிடக்க வேண்டும். செடி வாடிய பிறகு மேலாகத் தூவிப் பயனில்லை.

விதை நேர்த்தியில் நடக்கும் தவறுகள் சின்னவை போலத் தெரியும். ரைசோபியம் பாக்கெட்டில் இருப்பது உயிர். உரச்சாக்கோடு சேர்த்து வெயிலில் கிடந்தாலோ, டூவீலர் பெட்டிக்குள் அரை நாள் வெந்தாலோ நீங்கள் கலப்பது வெறும் கரிப்பொடி. ஹெக்டேருக்கான விதையில் 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட் மூன்றை, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும். பூஞ்சாண மருந்து கலப்பதாக இருந்தால் அதை முதல் நாளே முடித்து, 24 மணி நேரம் கழித்து உயிர் உரத்தைக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுப் புரட்டுவது இன்றும் நடக்கிறது. “போன வருஷம் கலந்தோமே, மண்ணில் இருக்கும்” என்ற நம்பிக்கையும் வறட்சிக்குப் பிறகு எடுபடாது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அப்படி ஒரு பருவம் பொய்த்து, மேல்மண் மாதக்கணக்கில் காய்ந்து கொதித்தால் அதிலுள்ள ரைசோபியத்தின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த விதைப்பில் கட்டாயம் கலக்க வேண்டும்.

டெல்டாவில் நெல்லுக்குப் பின் அதே வயலில் போடும் நெல் தரிசு உளுந்துக்குக் கதை வேறு. அங்கே பயிர் பிழைப்பதே நெல் விட்டுப்போன ஈரத்திலும் பனியிலும்தான். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதைப்பதை விட்டு, மெஷின் இறங்குவதற்காக வயலைக் காயப்போட்டு அறுத்த பிறகு விதைத்தால், முடிச்சு பிடிக்க வேண்டிய இரண்டு மூன்று வாரங்களை நாமே வறட்சிக்குத் தாரை வார்க்கிறோம். ரைசோபியம் வேர்த்தூவி, அதாவது வேரிலுள்ள மெல்லிய முடி, வழியாக உள்ளே நுழைய ஈரம் வேண்டும். அந்த நேரத்தில் தவறியது பிறகு முழுசாகத் திரும்பாது.

கரிசலில் வெடிப்பு விடத் தொடங்கும்போது, “செடியைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று களைக்கொத்தைத் தொடாமல் இருப்பதும் தவறு. மேலாக இரண்டு அங்குலம் கொத்தி வெடிப்பை மூடினால் அந்தப் புழுதியே மூடாக்காகி அடி ஈரத்தைக் காக்கும். ஆழமாகக் கொத்திவிடக் கூடாது. முடிச்சில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது.

பிறகு தண்ணீர் கிடைத்துவிட்டால் என்ன செய்கிறோம்? காய்ந்த கோபத்தில் வயல் நிறைய விட்டுத் தேக்குகிறோம். முடிச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரில் அதற்கு மூச்சு முட்டும். ஒரே ஒரு தண்ணீருக்குத்தான் வழி என்றால் பூக்கும் சமயத்துக்கு வைத்துக்கொண்டு, நனையும் அளவுக்கு மட்டும் விடுங்கள்.

லேசான வாட்டம் என்றால் நனைந்த சில நாளில் முடிச்சு மீண்டும் வேலைக்கு வரும். கடுமையாகக் காய்ந்திருந்தால் பழைய முடிச்சு உதிர்ந்து புதிதாகப் பிடிக்க வேண்டும். 65, 75 நாளில் முடியும் உளுந்துக்கு 40-ஆம் நாளில் அதற்கு நேரமில்லை. அப்போது கைகொடுப்பது, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசலை இலையில் தெளிப்பது. ஏக்கருக்கு 4 கிலோவை 10 லிட்டர் தண்ணீரில் இரவே ஊறவைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து 190 லிட்டரில் கலந்து, பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை. உச்சி வெயிலில், துவண்டு நிற்கும் இலையில் தெளித்தால் கருகும். சாயங்காலம் தெளியுங்கள்.

கடைசியாக, அடுத்த பயிரின் கணக்கு. “உளுந்து போட்ட நிலம், உரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்” என்பது நல்ல மழை வருடத்துக்குச் சரி. முடிச்சு முடங்கிய வருடத்தில் உளுந்து தனக்கு வேண்டியதை மண்ணிலிருந்தே எடுத்திருக்கும். அதோடு செடியை வேரோடு பிடுங்கி, உளுந்தம் பொட்டையும் மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போயிருந்தால் நிலத்தில் எதுவும் மிச்சமில்லை. அந்த வருடம் பருத்திக்கோ சோளத்துக்கோ தழைச்சத்தைக் குறைக்காதீர்கள். பூக்கும் நாளில் வாளியில் ஊறவைத்துக் கீறிப் பார்த்த முடிச்சின் நிறத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், எவ்வளவு போடலாம் என்று முடிவெடுக்க அது போதும்.