வன்னி வெயிலுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம்

உச்சி வெயிலில் எடுக்கிறதெண்டால் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400 பிலிமுக்கு கமராவில் ஐஎஸ்ஓவை 200 எண்டு வையுங்கோ. கழுவேக்க டெவலப்பர் (பிலிமில் படத்தைத் தெரியப்பண்ணுற கெமிக்கல்) நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறையுங்கோ; 10 நிமிசம் 8 ஆகும்.

நிழலில் விவரம் பதியிறது கமராவுக்குள்ள போன வெளிச்சத்தால. வெயில் பட்ட இடம் நெகட்டிவில் எவ்வளவு கறுக்கும் எண்டதைப் பெரும்பாலும் டெவலப்பர் நேரம்தான் தீர்மானிக்கும். இப்பிடிச் செய்தால் இரணைமடு அணைக்கட்டில் நிக்கிறவரின்ர வெள்ளைச் சட்டை மடிப்பும் தெரியும், பாலை மரத்தடியில் சாத்தின சைக்கிளின்ர கம்பியும் தெரியும்.

டெவலப்பர் 20 பாகை செல்சியஸில இருக்கோணும். எங்கட குழாய்த் தண்ணி அதைவிடச் சூடு, ஐஸ் தேவைப்படும்.

மார்கழி மப்புக்கு இது சரிவராது, படம் சாம்பல் பூத்துப்போகும். ஒரே றோலில் வெயிலும் மப்பும் கலந்திருந்தாலும் இந்த முறையை விடுங்கோ. கலர் கெமிக்கலில் கழுவுற இல்போர்ட் எக்ஸ்பி2 எண்ட கறுப்பு வெள்ளைப் பிலிம் எண்டால் நேரத்தில் கை வைக்காதேங்கோ.